குரோய்டனிலிருந்து சிதம்பரத்துக்கு



கடல் கடந்து சென்று ஒரு தொழிலைக் கற்று, அங்கேயே பணியிடப் பயிற்சியும் பெற்றுவர வேண்டும் என்னும் ஆவல் உங்களுள் பலருக்கு உண்டு. அவ்வாறு சென்றுவந்த ஒருவர் நம் பக்கத்தவரே. சிதம்பரத்திலிருந்து தெற்கே கொள்ளிடத்தைத் தாண்டினால் சீகாழி. அவ்வூர்ப் பள்ளியில் பயின்றவர் எஸ். ஆர். அரங்கநாதன்.

சென்னை மாநிலக் கல்லூரியில் அவர் கணித ஆசிரியர். 1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். ஊதியம் கூடுதல் என்பதும் ஒரு காரணம்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஆளரவமற்ற அந்த நூலகத்தில் சில நாள் இருப்பதற்குள் சலித்துவிட்டார். பழைய வகுப்பறைக்கே திரும்ப விரும்பி, கல்லூரி முதல்வரிடம் ஓடினார். முதலில் இங்கிலாந்து சென்று பயிற்சி பெறட்டும், அதன் பின்னும் மனம் மாறாவிடில் திரும்பி வரலாம் என்று முடிவாயிற்று.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் பெர்விக் சேயர்ஸ். குரோய்டன் நகரப் பொதுநூலகத்தின் தலைவரும் அவரே. வகுப்புப் பாடம் மட்டும் போதாது என்று கண்ட சேயர்ஸ், மாணவரைத் தம் நூலகத்திலேயே பழகவிட்டு, நாடெங்கும் உள்ள நூலகங்களையும் பார்த்துவரச் செய்தார். நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைக் கண்டார் அரங்கநாதன். தொழிலாளரும் சிறுவரும் தாமே அலமாரியிலிருந்து நூல் எடுப்பதைப் பார்த்தார். நூல்களைப் பூட்டிக் காப்பதே நூலகர் கடமை என்றிருந்த நாட்டிலிருந்து சென்றவருக்கு இது எத்தகைய காட்சி! என் கருத்தில், அவரை நூலகராக்கியது பாடப்புத்தகமன்று, இக்காட்சியே.

இலண்டன் கடையொன்றில் துண்டு துண்டாய்ப் பூட்டி உருவமைக்கும் விளையாட்டுப் பொருளைக் கண்டு, நூல்களைப் பகுக்கப் புதுமுறை ஒன்றுக்கு வித்திட்டதும் அப்போதுதான். 1925-இல் தாயகம் திரும்பினார். வகுப்பறைக்குத் திரும்பும் பேச்சு பிறகு எழவேயில்லை.

இனிச் சிதம்பரத்துக்கு வருவோம். 1928 டிசம்பரில் இங்குள்ள மீனாட்சி கல்லூரியில் கல்வி மாநாடு கூடிற்று. மறு ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாய் மலர்ந்தது அக்கல்லூரியே. அம்மாநாட்டில்தான் அரங்கநாதன் தம் ஐந்து விதிகளை முதன்முதலாகப் பொதுமேடையில் எடுத்துரைத்தார். நூல் காக்கப்படுவதற்கன்று, பயன்படுவதற்கு. ஒவ்வொருவர்க்கும் உரிய நூல் கிட்ட வேண்டும். நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிட்ட வேண்டும். வாசகரின் காலம் வீணாகலாகாது. நூலகம் உயிருடல்போல் வளர்வது. இவையே அவ்விதிகளின் கருத்து. 1931-இல் நூலாக வெளிவந்து உலகெங்கும் நூலகப் பள்ளிகளில் பாடமாயின.

1929-இலேயே சென்னையில் நூலகப் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. அத்தொழிலைக் கற்க இனிக் கப்பலேற வேண்டியதில்லை என்றாயிற்று.

அவர் நெடுநாள் வற்புறுத்தியதன் பயனாக 1948-இல் சென்னைப் பொதுநூலகச் சட்டம் நிறைவேறியது. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைக்கவும், சொத்துவரியோடு நூலக வரி தண்டவும் அது வழிசெய்தது. இன்று கடலூரில் வீட்டுவரி செலுத்துகிறவர், தம் தெருவுக்கும் விளக்குக்கும் மட்டுமன்றி, எவரோ ஒரு மாணவர் எடுத்துப் படிக்கும் நூலுக்கும் சேர்த்தே செலுத்துகிறார்.