பூனையின் நாவும் தெள்ளுப்பொடியும்

என் இடக்கை மணிக்கட்டில் மூன்று கீறல் தழும்புகள் உள்ளன. அவற்றுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 1961ஆம் ஆண்டில், தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, எங்கள் வீட்டுப் பூனைக்குத் தெள்ளுப்பூச்சி மருந்து இட முற்பட்டேன். அப்போது பெற்றவை அவை. வரலாற்றுப் பேச்சு என்றால் அரசர்களையும் அரியணைகளையும் எதிர்பார்க்கும் மாணவ நண்பர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். வரலாற்று ஆசிரியனாக நெடுங்காலம் அரசர்களைப் பற்றிப் பேசியவன் நான். இன்று ஒரு பூனையைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

அதன் பெயர் வெள்ளச்சி. ஐப்பசி மழை தொடங்கியதும் அதன் உடலெங்கும் தெள்ளு மிகுந்துவிட்டது. திண்ணையில் அது படுத்தெழுந்த இடத்தில் உட்கார்ந்தால் நம் காலிலும் ஏறிக் கடிக்கும். அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் காகிதப் பொட்டலத்தில் வெண்மையான பொடி ஒன்றைக் கொடுத்து, "இதைத் தேய், ஒரு தெள்ளும் மிஞ்சாது" என்றார். அக்காலத்தில் எல்லா வீடுகளிலும் புழங்கிய டி.டி.டி. பொடிதான் அது.

பூனைக்கு மணி கட்டுவது யார் என்று கேட்டு எலிகள் திகைத்தனவாம். பொடி தேய்ப்பது அதனினும் கடிது. முதல் நாள் வெள்ளச்சி பரண்மேல் ஏறிக்கொண்டது. இரண்டாம் நாள் நெற்குதிரின் பின்னே ஒளிந்தது. மூன்றாம் நாள் நான் ஒரு சாக்கைக் கொண்டுவந்து, தலைமட்டும் வெளியே தெரியும்படி அதைச் சுருட்டிப் பிடித்தேன். அது சீறிற்று, உதைத்தது, ஒரு முன்காலை எப்படியோ விடுவித்துக்கொண்டு என் கையைக் கிழித்தது. திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பாயி, "விட்டுவிடடா தம்பி, வேண்டாமென்று அது வாய்விட்டுச் சொல்கிறதே" என்றார். நான் விடவில்லை. பொட்டலம் முழுவதையும் அதன் உடலில் தேய்த்து முடித்த பிறகே விட்டேன். ஒரு போரில் வென்றவனைப் போல் நிமிர்ந்து நின்றது இன்றும் நினைவில் இருக்கிறது.

அன்றிரவு முழுவதும் வெள்ளச்சி தன் உடலை நக்கிக்கொண்டே இருந்தது. மறுநாள் அதன் கால்கள் நடுங்கின. பின்பு உடல் முழுவதும் வெட்டி வெட்டி இழுத்தது. மூன்றாம் நாள் காலையில் கொல்லைப்புறத்து வாழையடியில் அதைப் புதைத்தோம். அப்பாயி என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை.

எதனால் அது இறந்தது என்பதை அறிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அந்தத் தேடலில் நான் கண்டவற்றையே இனிச் சொல்லப் போகிறேன்.

முதலில் தெள்ளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1665ஆம் ஆண்டில் இலண்டனில் இராபர்ட் ஹூக் என்னும் அறிஞர் நுண்பெருக்கிக் கண்ணாடியின் வழியே தாம் கண்டவற்றை நூலாக வெளியிட்டார். அதில் தெள்ளின் படம் ஒன்று ஏறத்தாழ ஒன்றரை அடி நீளத்தில், மடித்து வைத்த தாளில் அச்சாகி இருந்தது. கடுகினும் சிறிய பூச்சி கவசமணிந்த வீரனைப் போல் காட்சியளித்ததைக் கண்டு படித்தவர்கள் வியந்தனர். தெள்ளு புழுதியிலிருந்து தானாகவே தோன்றுகிறது என்பது அக்காலத்து நம்பிக்கை. அந்நூற்றாண்டு முடிவதற்குள் ஹாலந்து நாட்டு லேவன்ஹூக், தெள்ளு முட்டையிடுவதையும், முட்டை புழுவாவதையும், புழு கூடு கட்டிப் பின் தெள்ளாக வெளிவருவதையும் கண்டு கூறி அந்நம்பிக்கையைத் தகர்த்தார்.

புழுதி என்று முன்னோர் சொன்னது முற்றும் தவறென்றும் கூறிவிட முடியாது. பெண் தெள்ளு பூனையின் மேல் இருந்துகொண்டு நாள்தோறும் நாற்பது முட்டைகள் வரை இடும். அம்முட்டைகள் உரோமத்தில் ஒட்டுவதில்லை, உதிர்ந்துவிடும். பூனை படுத்த பாயிலும், திண்ணை வெடிப்பிலும், தரைப் புழுதியிலும் கிடந்து புழுவாகும். அப்புழு, தாய்த் தெள்ளு கழித்து உதிர்த்த உலர்ந்த குருதியை உண்டு வளர்ந்து கூடு கட்டும். தக்க வெப்பமும் ஓர் உயிரின் நடமாட்டமும் உணரும் வரையில், அக்கூட்டுக்குள் மாதக்கணக்கில் கூடக் காத்திருக்கும். ஆதலால் பூனையின் மேல் காணும் தெள்ளுகள் வீட்டிலுள்ள தெள்ளுக் குடும்பத்தில் ஒரு சிறு பகுதியே. வெள்ளச்சியின் மேல் பொட்டலம் பொட்டலமாகப் பொடியைக் கொட்டினாலும் எங்கள் திண்ணை அப்படியேதான் இருந்திருக்கும்.

பூனைத் தெள்ளுக்கு வரலாற்றில் மதிப்பான ஓர் இடமும் உண்டு. 1898ஆம் ஆண்டு ஜூன் மாதம், இந்தியாவில் பிளேக்கு நோய் பரவியிருந்த காலத்தில், போல் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் கராச்சியில் ஒரு விடுதியில் தங்கி ஆராய்ந்துகொண்டிருந்தார். நோயை எலியிடமிருந்து எலிக்குக் கொண்டுசெல்வது தெள்ளே என்பது அவர் துணிபு. நோயுற்ற எலி ஒன்றைப் பெரிய கண்ணாடிப் புட்டியில் இட்டார். அதன் மேலிருந்த தெள்ளுகள் போதா என்று தோன்றவே, விடுதியைச் சுற்றித் திரிந்த பூனை ஒன்றிடம் சில தெள்ளுகளைக் கடனாகப் பெற்றார்! பிறகு கம்பிவலைக் கூட்டில் அடைத்த நலமான எலி ஒன்றையும் அப்புட்டிக்குள் வைத்தார். இரண்டும் ஒன்றையொன்று தீண்ட வழியில்லை. தெள்ளு மட்டுமே தாவிச் செல்ல இயலும். சில நாட்களில் நலமான எலியும் பிளேக்கினால் மாண்டது. அவர் கூற்றை உலகம் உடனே ஏற்கவில்லை. 1905 முதல் பம்பாயில் பிளேக்கு ஆராய்ச்சிக் குழு செய்த சோதனைகளே அதனை நிலைநாட்டின. முதன்மைக் குற்றவாளி எலித் தெள்ளே, பூனைத் தெள்ளு அன்று என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும் அந்தக் கராச்சிப் பூனை தெள்ளுகளைக் கொடுத்தபோது அமைதியாக இருந்ததா, சிமோனின் கையிலும் மூன்று கீறல் போட்டதா என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

இனி மருந்துகளுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீடுகளில் பாரசீகப் பொடி என்ற பெயரில் ஒரு பொடி விற்பனையாயிற்று. சாமந்தி இனத்தைச் சேர்ந்த பைரெத்ரம் என்னும் செடியின் உலர்ந்த பூக்களை இடித்துச் செய்தது அது. பூச்சியை விரைவில் வீழ்த்தும். வெயில் பட்டால் தானும் விரைவில் சிதைந்துவிடும். விரைவில் சிதைவது வணிகருக்குக் குறையாகத் தோன்றிற்று. நெடுநாள் நிலைக்கும் மருந்தைத் தேடினர்.

1939ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பால் முல்லர் என்பவர் அத்தகைய மருந்தைக் கண்டார். அதுவே டி.டி.டி. 1874இலேயே ஒரு மாணவர் ஆக்கி, பயன் அறியாமல் விட்டுவைத்த பொருள் அது. 1943–44இல் நேப்பிள்ஸ் நகரில் பேனால் பரவும் டைபசு காய்ச்சல் மூண்டபோது, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் மீது இப்பொடியைத் தூவி நோயை அடக்கினார்கள். 1948இல் முல்லருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதர்களின் சட்டைக்குள்ளேயே தூவக்கூடிய பொடி பூனையை என்ன செய்துவிடும் என்று யார்தான் எண்ணியிருப்பார்கள்? பொட்டலம் கொடுத்த பெரியவரை நான் குறை சொல்வதற்கில்லை.

மனிதன் தன் தோலை நக்குவதில்லை. பூனையோ விழித்திருக்கும் பொழுதில் கணிசமான பங்கை நக்குவதிலேயே கழிக்கிறது. அதன் மேல் எதைத் தூவினாலும் அதனை அது உண்டே தீரும்.

இந்த உண்மை பெரிய அளவில் வெளிப்பட்ட இடம் போர்னியோத் தீவு. அங்குச் சரவாக் பகுதியில் 1950களில் மலேரியாவை ஒழிக்க வீட்டுச் சுவர்களில் டி.டி.டி.யும் அதைப் போன்ற நஞ்சுகளும் தெளிக்கப்பட்டன. பூனைகள் சுவரில் உரசின, பின்பு உரோமத்தை நக்கின, மடிந்தன. 1960 மார்ச்சு மாதத்தில், சிங்கப்பூரிலிருந்து சென்ற பிரிட்டிஷ் விமானப்படை விமானம் ஒன்று, எலித் தொல்லை மிகுந்த பாரியோ என்னும் மலைநாட்டு ஊருக்குக் குடைமிதவையில் பூனைகளை இறக்கிற்று. இருபதுக்குச் சற்று மேற்பட்ட பூனைகளே அவ்வாறு இறங்கின. கதை வாய்க்கு வாய் மாறிப் பதினாலாயிரம் பூனைகள் என்று பெருகிவிட்டது. நம் ஊரில் மட்டுந்தான் கதை வளரும் என்று எண்ணிவிடாதீர்கள். அதற்கு அடுத்த ஆண்டில்தான் நான் வெள்ளச்சியைச் சாக்கில் சுருட்டினேன். பாரியோவில் தெரிந்தது எங்கள் சிற்றூருக்கு வந்து சேரவில்லை.

அந்த நாவைப் பற்றி அண்மையில் நிகழ்ந்த ஆராய்ச்சிகள் எனக்கு மிகவும் உவப்பானவை. 2000ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஒரு சோதனை நடந்தது. தெள்ளு மிகுந்த வீடு ஒன்றில் வாழ்ந்த பூனைகளுள் ஒரு பகுதிக்கு, நக்க இயலாதபடி கழுத்தில் அகன்ற வளையம் மாட்டினார்கள். மூன்று வாரம் கழித்து எண்ணியபோது, வளையமிட்ட பூனைகளின் மேல் மற்றவற்றைப் போல் ஏறத்தாழ இருமடங்கு தெள்ளுகள் இருந்தன. தெள்ளுக்கு முதல் மருந்து பூனையின் நாவே! 2018இல் வேறொரு குழுவினர், அந்த நாவிலுள்ள முட்களின் நுனி அகப்பை போல் குழிந்திருப்பதையும், எச்சிலை உரோமத்தின் அடிவரை அவை கொண்டுசெல்வதையும் கண்டனர்.

நாவோடு கதை முடியவில்லை. நஞ்சை முறித்து வெளியேற்றும் சில வழிகள் பூனையின் ஈரலில் மிகக் குறைவு. நமக்குத் தலைவலி தீர்க்கும் பாரசெட்டமால் பூனையைக் கொல்வது இதனால்தான். பழைய பைரெத்ரம் பூவின் நஞ்சைப் பின்பற்றி, வெயிலில் சிதையாத பெர்மெத்ரின் என்னும் மருந்தை 1973இல் இங்கிலாந்தில் ஆக்கினர். நாய்க்குப் பெரும்பாலும் தீங்கு செய்யாத அது பூனையை நடுக்கமும் வலிப்பும் கொள்ளச் செய்கிறது. நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்தைப் பூனைக்கும் சிறிது இட்டு வெள்ளச்சியின் முடிவையே காண்பவர்கள் இக்காலத்திலும் உண்டு. பெட்டியின் மேல் சிற்றெழுத்தில் அச்சடித்திருப்பதை இரண்டு முறை படியுங்கள் என்று மட்டும் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

1990களின் நடுவில் வந்த மருந்துகள் வேறொரு வழியை மேற்கொண்டன. பூனைக்கென்றே அளந்த சில துளிகளைப் பிடரியில் இட்டால் போதும். மருந்து தோலின் எண்ணெய்ப் பசையோடு கலந்து உடலெங்கும் பரவும். ஏன் பிடரி? பூனையின் நாவு எட்டாத இடம் அது.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் இப்போது இருக்கும் கறுப்பனுக்கும் தெள்ளு வந்தது. கால்நடை மருத்துவர் அதன் எடையைப் பார்த்து ஒரு சிறு குழலில் மருந்து தந்தார். என் பேத்தி சாக்கைத் தேடவில்லை. அது வயிறார உண்டு உறங்கும் வேளை வரை காத்திருந்தாள். பழைய துண்டு ஒன்றால் அதன் கால்களை இறுக்காமல் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "தாத்தா, கையை நடுக்காதீர்கள்" என்றாள். நான் பிடரி உரோமத்தை இரண்டாக வகிர்ந்து, தோல் வெளுப்பாகத் தெரிந்த இடத்தில் துளிகளை இட்டேன். மூச்சு நான்கு விடும் நேரம்கூட ஆகவில்லை. பாயைக் கொதிநீரில் தோய்த்து, திண்ணையையும் மூலை முடுக்குகளையும் பல நாள் விடாமல் பெருக்கும் வேலைதான் பெரிது. அதை என் மகன் ஏற்றுக்கொண்டான்.

துண்டிலிருந்து விடுபட்ட கறுப்பன் எங்களை வெறுப்போடு பார்த்துவிட்டு முற்றத்துக்குப் போய் அமர்ந்தது. பிடரியை நக்கத் தலையைத் திருப்பிற்று; எட்டவில்லை. மறுபுறம் திருப்பிற்று, அப்போதும் எட்டவில்லை. அன்றிரவு நான் இருமுறை விளக்கைப் போட்டு அதன் கால்களைப் பார்த்தேன். நடுக்கம் இல்லை. விடியற்காலையில் அது பால் கேட்டுக் கத்தியது.