ஐடிலிங் நடுக்கம் (சிறிய பெட்ரோல் கார்கள்)

ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல், நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது ஆர்.பி.எம். சீராக நிற்காமல் ஏறி இறங்குவதும், அதனால் ஸ்டியரிங்கும் இருக்கையும் அதிர்வதும் ஐடிலிங் நடுக்கம் எனப்படும். முற்றினால் சிக்னலில் வண்டி அணைந்துவிடும். சூடேறிய பெட்ரோல் எஞ்சின் பொதுவாக 700 முதல் 900 ஆர்.பி.எம்.மில் நிற்கும். ஏ.சி. போட்டால் சற்று உயரும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 1,200-ஐத் தாண்டி ஓடி, சூடேறச் சூடேற இறங்குவது கோளாறு அல்ல.

இந்தியச் சாலைகளில் இந்தப் புகார் அதிகம் தெரிவது மூன்று சிலிண்டர் கார்களில்தான். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-உம், 2000-இல் வந்த ஆல்டோவும் 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின் கொண்டவை. 800 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 400 முறை எரிப்பு நடக்கும். மூன்றுக்கும் சேர்த்து நொடிக்கு 20. ஒரு சிலிண்டர் எரியாமல் போனால் மூன்றில் ஒரு பங்கு விசை போய்விடும், காரே குலுங்கும். போதாததற்கு, மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு முன்பின்னாக ஆடும் இயல்பு பிறவியிலேயே உண்டு. அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்வது எஞ்சின் மவுண்டின் ரப்பர். ஆர்.பி.எம். முள் அசையாமல் நிற்க, வண்டி மட்டும் அதிர்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது மவுண்டைத்தான். இதைக் கவனிக்காமல் பிளக், இன்ஜெக்டர் என்று மாற்றிக்கொண்டே போவது வீண் செலவு.

நெடுஞ்சாலையில் நன்றாக ஓடும் கார் சிக்னலில் மட்டும் ஏன் நடுங்குகிறது? ஐடிலில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கிறது. எஞ்சினுக்குள் போகும் காற்று மிகக் குறைவு. ஒரு ஹோஸின் சிறு வெடிப்பு வழியாகப் புகும் காற்று வேகத்தில் பொருட்டே இல்லை. ஐடிலில் அதுவே கலவையைக் கெடுக்கப் போதும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் சுமார் 14.7 பங்கு காற்று என்ற கணக்கு அங்கே உடைகிறது.

கண்டறியும் முறை

கோளாறு ஒரு சிலிண்டரிலா, எல்லாவற்றிலுமா? இதற்கு விடை தெரியாமல் எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஓ.பி.டி. சாக்கெட் உள்ள கார்களில் ஸ்கேனர் மாட்டினால், பி0301, பி0302, பி0303 ஆகிய குறியீடுகள் முறையே 1, 2, 3-ஆம் சிலிண்டரின் மிஸ்ஸிங்கை, அதாவது எரிப்பு தவறுவதைச் சொல்லும். பி0300 என்றால் மிஸ்ஸிங் ஒரே சிலிண்டரில் நிற்கவில்லை என்று பொருள். ஸ்கேனர் இல்லையென்றால், எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம். நல்ல சிலிண்டரின் கனெக்டரைக் கழற்றினால் எஞ்சின் தடுமாறும். எதைக் கழற்றியும் மாற்றம் தெரியவில்லையோ, அதுதான் படுத்துக் கிடக்கும் சிலிண்டர். பிளக் வயரையோ காயிலையோ ஓட்டத்தில் பிடுங்கும் பழைய வழக்கம் வேண்டாம். அங்கே பாய்வது உயர் மின்னழுத்தம்.

சிலிண்டர் தெரிந்ததும் அதன் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எரிப்பு சரி. உலர்ந்த கரி, பெட்ரோல் மிகுதியைக் காட்டும். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வ் சீல் தேய்ந்திருக்கலாம். பெட்ரோல் வாடையோடு நனைந்திருந்தால் ஸ்பார்க் வரவில்லை. பிளக் குழிக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்ப்பது அவசியம். வாட்டர் வாஷுக்கு மறுநாள் வரும் மிஸ்ஸிங்குக்குப் பெரும்பாலும் அங்கே தேங்கிய தண்ணீரே காரணம். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள கார்களில், சந்தேகப்படும் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டால் போதும். குறியீடும் கூடவே நகர்ந்தால் காயில்தான் குற்றவாளி. நகராவிட்டால் பிளக்கையும் இன்ஜெக்டரையும் இதே போல இடம் மாற்றிச் சோதிக்கலாம். அதிலும் தெளியாவிட்டால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். எரிவாயு கிட் பொருத்திய கார்களில் வால்வ் சீட் தேய்ந்து டாப்பெட் இடைவெளி குறைவதால், வால்வ் முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசிவது உண்டு.

எல்லாச் சிலிண்டரும் சேர்ந்து தடுமாறினால் காற்று வழியைச் சோதிக்க வேண்டும். பிரேக் பூஸ்டர் ஹோஸ், பி.சி.வி. ஹோஸ், இன்டேக் கேஸ்கட் ஆகியவை வேக்கம் கசியும் இடங்கள். பிரேக்கை மிதிக்கும்போது ஐடில் மாறினால் பூஸ்டர் பக்கம் சந்தேகம் வலுக்கும். ஸ்கேனரில் ஃப்யூவல் ட்ரிம் (எஞ்சின் கணினி பெட்ரோல் அளவில் செய்யும் திருத்தம்) ஐடிலில் மிக உயர்ந்தும், 2,500 ஆர்.பி.எம்.மில் இயல்புக்கு இறங்கியும் வந்தால் வேக்கம் கசிவே முதல் சந்தேகம்.

பழைய கார்களில் மிக எளிதாகத் தீரும் காரணம் த்ராட்டில் பாடியில் படியும் கரி. கிளீனர் தெளித்த துணியால் துடைத்தாலே பல வண்டிகள் அடங்கிவிடும். எலெக்ட்ரானிக் த்ராட்டிலை இக்னிஷன் ஆன் நிலையில் விரலால் தள்ளக் கூடாது. துடைத்த பின் கணினிக்கு ஐடில் நிலையைப் புதிதாகக் கற்பிக்கும் ரீலேர்ன் தேவைப்படலாம். கார்புரேட்டர் வண்டியில் ஐடில் ஸ்க்ரூவைத் திருகுவது முறையான டியூனிங். இன்ஜெக்ஷன் காரில் த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகுவது கோளாறை மறைக்கும் வேலை; அதைச் செய்ய விடாதீர்கள்.

எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையிலுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து, அதன் உள்ளிருக்கும் பீங்கானையே உருக்கிவிடும். கன்வெர்ட்டரின் விலை ஒரு காயிலின் விலையைப் போலப் பல மடங்கு.