தானே ஒட்டிக்கொள்ளும் குழாய்: சிறுநீரகப் பழுதுபார்ப்பின் கதை



"இஞ்சினியருக்கும் கிட்னிக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்கிறது. இரத்தத்திலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே விட்டு, மீதியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் ஆலை அது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்குழாய்கள். இந்த ஆலை திடீரென்று நின்றால் என்ன ஆகும், தானே எப்படிப் பழுது பார்த்துக்கொள்கிறது, பழுது முடிந்ததை எந்த அடையாளத்தால் அறிவது? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேட மனிதருக்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. தேடல் இன்னும் முடிந்தபாடில்லை.

லண்டன், 1940

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்கள் லண்டன் மீது குண்டு மழை பொழிந்த காலம். இடிந்த வீட்டுக்குள் கை கால் நசுங்கிக் கிடந்தவர்களை மணிக்கணக்கில் தோண்டி உயிரோடு மீட்டார்கள். மீட்கப்பட்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். "அப்பாடா, பிழைச்சாச்சு" என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஆனால் சில நாளில் சிறுநீர் குறைந்தது, நிறம் மாறியது, நின்றே போனது. ஹேமர்ஸ்மித் மருத்துவமனையைச் சேர்ந்த எரிக் பைவாட்டர்ஸ், டெஸ்மண்ட் பீல் என்ற இருவர் இத்தகைய நான்கு நோயாளிகளைப் பற்றி 1941 மார்ச்சில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். நால்வருமே ஒரு வாரத்தை ஒட்டி இறந்துபோனவர்கள்.

நசுங்கியது கால்தான், ஆனால் நசுங்கிய தசையிலிருந்து கசிந்த நிறமிப் பொருள் சிறுநீரகக் குழாய்களைப் போய் அடைத்திருந்தது. குழாய்களின் உள்சுவர்ச் செல்கள் செத்து உதிர்ந்திருந்தன. நல்ல சிறுநீரகம் சில நாளில் செயலிழக்கும் என்பதை உலகம் கண்கூடாகப் பார்த்தது.

காம்பென், 1945

அதே போர்க்காலத்தில், ஜெர்மானியர் பிடியில் இருந்த ஹாலந்தில் காம்பென் என்ற சிற்றூர். வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர், உள்ளூர் எனாமல் தொழிற்சாலையை நடத்திவந்த ஹென்ட்ரிக் பெர்க்கின் துணையோடு ஓர் இயந்திரம் செய்தார். மரச்சட்டங்களால் ஆன உருளை. அதைச் சுற்றி, தொத்திறைச்சிக்கு உறையாகப் பயன்படும் செல்லோஃபேன் குழாய். கீழே உப்புநீர்த் தொட்டி. சுழலும் உருளைக்கு இரத்தம் ஒழுகாமல் போய்வர வேண்டுமே? அதற்கு ஃபோர்டு காரின் வாட்டர் பம்ப் இணைப்பைப் பார்த்து வழி கண்டார்கள். இப்போது சொல்லுங்கள், நம்ம ஆளுங்களுக்கு இந்தக் கதையில் பங்கு இல்லையா?

1943-இல் முதல் நோயாளிக்குப் பயன்படுத்தினார். அடுத்தடுத்து வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே இறந்தார்கள். மனம் தளராமல் தொடர்ந்தார். 1945 செப்டம்பரில், நினைவிழந்து கொண்டுவரப்பட்ட 67 வயது மூதாட்டி ஒருவர் இயந்திரத்தில் 11 மணி நேரம் இருந்த பிறகு கண் விழித்தார். அதன்பின் ஏழு ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோல்ஃபின் இயந்திரம் அந்த அம்மாளின் சிறுநீரகத்தைச் சரிசெய்யவில்லை. அது கழிவை அகற்றி நாள் வாங்கிக் கொடுத்தது, அவ்வளவுதான். பழுதுபார்த்த மேஸ்திரி சிறுநீரகமேதான்.

சட்டம் நின்றால் சுவர் நிற்கும்

அந்த மேஸ்திரி வேலை எப்படி நடக்கிறது? அமெரிக்காவில் ஜீன் ஆலிவர் என்பவர் அசாத்தியப் பொறுமைசாலி. இறந்தவர்களின் சிறுநீரகத் திசுவை அமிலத்தில் ஊறவைத்து, ஊசிமுனையால் ஒவ்வொரு நுண்குழாயாகப் பிரித்தெடுத்து முழு நீளத்துக்கும் பார்த்தார். 1951-இல் அவரும் உடன் உழைத்தவர்களும் வெளியிட்ட முடிவு சிவில்காரர்களுக்கு உடனே புரியும். உள்சுவர்ச் செல்கள் உதிர்ந்தாலும், அவற்றைத் தாங்கும் அடிச்சவ்வு அறுபடாமல் இருந்தால் புதிய செல்கள் அதன்மேல் வரிசையாகப் படர்ந்துவிடும். சவ்வே கிழிந்த இடத்தில் ஒழுங்கான பழுதுபார்ப்பு நடப்பதில்லை, தழும்புதான் மிஞ்சும். பூச்சு உதிர்ந்தால் மறுபடி பூசலாம், சுவரே விழுந்தால் என்ன செய்ய?

தாமதமாகக் காட்டும் மீட்டர்

இதெல்லாம் இறந்தவர் திசுவில் கண்டது. உயிரோடு இருப்பவருக்கு மருத்துவர் கையில் இருந்த மீட்டர் கிரியேட்டினின். அதை அளக்கும் வண்ண வினையை ஜாஃபே என்ற ஜெர்மானியர் 1886-லேயே கண்டுபிடித்திருந்தார். நல்ல மீட்டர்தான், ஆனால் மெதுவான மீட்டர். அடி விழுந்து ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் முள் ஏறும். வேலைத்திறனில் கணிசமான பகுதி போனபிறகும் "நார்மல்" என்றே காட்டக்கூடும். பாய்லர் வெடித்த மறுநாள் அழுத்தம் காட்டுகிற மானியை எந்த ஆலையில் வைத்துக்கொள்வோம்?

ஆகவே விஞ்ஞானிகள் திசுவுக்குள்ளேயே அடையாளம் தேடினார்கள். 1994-இல் பாஸ்டனில் விட்ஸ்கால், பிரௌன், பான்வென்ட்ரே ஆகியோர், இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் திரும்பிய எலிச் சிறுநீரகங்களை ஆராய்ந்தார்கள். பி.சி.என்.ஏ. என்ற புரதம், செல் தன் டி.என்.ஏ.வைப் பிரதியெடுத்துப் பிரியத் தயாராவதன் அடையாளம். விமென்டின் என்பது முதிர்ந்த குழாய்ச் செல்லில் சாதாரணமாக இருக்கவே கூடாத, கருப்பருவத்தை நினைவூட்டும் புரதம். இவை இரண்டும் அதிக அடி வாங்கிய குழாய்ப் பகுதியிலேயே சில நாட்களுக்குள் தோன்றின. அதாவது உயிர் தப்பிய செல்கள் தம் முதிர்ச்சியைக் கழற்றி வைத்துவிட்டு, பழையபடி குழந்தையாகி, பெருகிப் பரவி, பிறகு மீண்டும் முதிர்கின்றன. ரிட்டயர்டு வாத்தியார் பள்ளியில் ஆள் இல்லையென்றதும் மறுபடி சாக்பீஸ் எடுத்த மாதிரி!

1998-இல் அதே பான்வென்ட்ரே ஆய்வுக்கூடத்திலிருந்து கிம்-1 என்ற மூலக்கூறு வெளிவந்தது. ஆரோக்கியமான சிறுநீரகத்தில் அது தேடினாலும் கிடைக்காது. அடிபட்ட குழாய்ச் செல்லில் ஏராளமாகத் தோன்றும். 2002-இல் மனித நோயாளிகளின் திசுவிலும் சிறுநீரிலும் காணப்பட்டது. இந்தக் கிம்-1 அணிந்த செல்கள் பக்கத்தில் செத்துக்கிடக்கும் செல்களை விழுங்கி இடத்தைச் சுத்தம் செய்கின்றன என்பது 2008-இல் தெரிந்தது. புதிய மருந்துகளை எலிகளில் சோதிக்கும்போது சிறுநீரகக் கேட்டை அறிய, கிம்-1 உள்ளிட்ட ஏழு சிறுநீர்ப் புரதங்களை அமெரிக்க, ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் அதே ஆண்டில் ஏற்றுக்கொண்டன. எலும்பு மஜ்ஜையிலிருந்து செல்கள் வந்து பழுது பார்க்கின்றனவா என்ற நெடுநாள் சர்ச்சைக்கும் 2008-இல் எலியில் ஒரு முடிவு கிடைத்தது. வெளியாள் யாரும் வரவில்லை. தப்பிய சொந்தச் செல்களே வேலையை முடிக்கின்றன.

பிரிக்கப்படாத சாரம்

கட்டடம் எழும்பச் சாரம் கட்டுகிறோம். வேலை முடிந்ததும் பிரித்துவிட வேண்டும். சாக்ஸ்-9 என்ற புரதம் சிறுநீரகத்தில் அப்படிப்பட்ட சாரம் என்று சொல்லலாம். அடிபட்ட செல்லில் அது தலைகாட்டும். பழுது ஒழுங்காக முடிந்தால் மறையும். மறையாமல் தங்கிவிட்ட செல்களைச் சுற்றித் தழும்பு வளர்கிறது என்று 2024-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்கு முன்பே 2020-இல், பழுது பாதியில் நின்றுபோன செல்கள் எலியின் சிறுநீரகத்தில் தனி இனமாக இருப்பதும், அவை விகேம்-1 என்ற அடையாளத்தைத் தாங்கியிருப்பதும் தெரியவந்தன.

இது ஏதோ எலிக்கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். என் பெரியப்பாவை வயலில் கண்ணாடி விரியன் கடித்தது. சிறுநீர் நின்று, மூன்று வாரம் டயாலிசிஸ் செய்து பிழைத்தார். கிரியேட்டினின் இறங்கியதும் "எல்லாம் சரியாயிடுச்சு, வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பினார்கள். மறுபடி எப்போது வர வேண்டும் என்று அந்தச் சீட்டில் ஒரு வரி இல்லை. அவரும் முழங்கால் வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே உழவு ஓட்டினார். சில ஆண்டுகள் கழித்து இரத்த அழுத்தம், கால் வீக்கம், பிறகு நிரந்தரச் சிறுநீரக நோய். மீட்டர் முள் சரியான இடத்தில் நின்றது உண்மை. உள்ளே சாரம் பிரிக்கப்பட்டதா என்று பார்த்தவர் யாருமில்லை.

திசு அடையாளங்களைப் பார்க்கத் திசு வேண்டும். எல்லோருக்கும் ஊசி போட்டுத் திசு எடுக்க முடியாது. பழுதை விரைவுபடுத்தும் மருந்தும் இன்னும் நம் கைக்கு வரவில்லை. ஆனால் எளிய வழி ஒன்று உண்டு. திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பிலிருந்து மீண்டவரை மூன்று மாதத்தில் மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்று 2012-இல் வெளியான கே.டி.ஐ.ஜி.ஓ. சர்வதேச வழிகாட்டி சொல்கிறது. கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், இரத்த அழுத்தம் ஆகிய மூன்றையும் சிறிய ஊரில்கூடப் பார்த்துவிடலாம். பாம்புக்கடியோ, கடும் வயிற்றுப்போக்கோ, விபத்தோ, உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால் அந்த மூன்று மாதத்தைக் காலண்டரில் குறித்து வையுங்கள். வலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடவிடாதீர்கள்.

தம்பி தங்கைகளே, கோல்ஃபுக்குத் தோள் கொடுத்தவர் ஓர் எனாமல் தொழிற்சாலைக்காரர். திசுவைக் குத்தாமலே "பழுது முடிந்தது" என்று சொல்லும் மீட்டர் ஒன்றுக்காக உலகம் காத்திருக்கிறது. அதைச் செய்யப்போகிறவர் மருத்துவக் கல்லூரியிலிருந்துதான் வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நம் கல்லூரிப் பட்டறையிலிருந்தும் வரலாம்.