ஆரஞ்சு வியாபாரி கொடுத்த புகை

யாராவது பழைய கதையை எடுத்தால், ‘கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சுட்டான்’ என்று கேலி செய்வோம். அந்தக் கொசுவத்திக்கே ஒரு பழைய கதை இருக்கிறது.

காகசஸிலும் பாரசீகத்திலும் பைரீத்ரம் என்ற பூவை உலர்த்தி இடித்துப் பூச்சிப்பொடியாகத் தூவி வந்தார்கள். பார்வைக்கு அது நம் சாமந்திக்கு ஒன்றுவிட்ட தங்கை. 19ஆம் நூற்றாண்டில் திபிலிசியிலிருந்து அந்தப் பொடியைத் தருவித்து வியன்னாவில் விற்றுச் செழித்தார் யோஹான் சாகெர்ல். கீழைநாட்டுச் சரக்கு என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா? அவருடைய குடும்பம் தொழிற்சாலையையே மசூதி பாணியில் கட்டியது. கட்டடம் இன்றும் வியன்னாவில் நிற்கிறது! இதற்கிடையில் அட்ரியாட்டிக் கரையிலுள்ள டால்மேஷியாவின் வெள்ளைப் பைரீத்ரப் பூவும் சந்தையைப் பிடித்தது.

அடுத்த தாவல் ஜப்பானுக்கு. வகாயமாவில் ஆரஞ்சுத் தோட்டக் குடும்பத்தில் பிறந்த எயிச்சிரோ உவெயாமாவுக்கு, அறிஞர் ஃபுகுசாவா யுகிச்சி மூலம் ஓர் அமெரிக்கச் செடி வியாபாரி அறிமுகமானார். ஆரஞ்சுக் கன்றுகளுக்குக் கைம்மாறாக 1886இல் வந்து சேர்ந்தவை பைரீத்ரம் விதைகள். உவெயாமா அவற்றை ஊரெங்கும் பயிரிடச் செய்தார். ஆனால் பொடியைத் தூவினால் பறக்கிற கொசு சாகுமா? ஊதுபத்தி போல உருட்டி எரிக்கலாம் என்று 1890இல் குச்சி வடிவில் கொண்டுவந்தார். அது சுமார் 40 நிமிடத்தில் அணைந்துவிட்டது. நீளமாக்கினால் ஒடிந்தது.

1895இல் சுருட்டிவிடலாமே என்று யோசனை சொன்னவர் அவர் மனைவி யூகி. சுருண்டு கிடந்த பாம்பைப் பார்த்துத் தோன்றியதாகச் சொல்வார்கள். யோசனை ஒரு நொடியில் வந்தது. சுருள் கடைக்கு வர 1902 ஆயிற்று. இரண்டு குச்சிகளைச் சேர்த்துக் கையால் சுற்றினார்கள். இன்றைக்கும் ஜோடியாக வரும் சுருளைப் பிரிக்கும்போது பாதியில் ஒடித்துவிட்டுத் திட்டுகிறோமே, அந்த ஜோடி அப்போது பிறந்ததுதான். நீட்டினால் சுமார் 75 சென்டிமீட்டர். ஏழு மணி நேரம் எரியும், ஒரு ராத்தூக்கத்துக்குப் போதும்.

கொசுவை வீழ்த்துவது கங்கு அல்ல, புகையும் அல்ல. கங்குக்குச் சற்றுப் பின்னால் சூடேறும் இடத்திலிருந்து ஆவியாகும் மருந்துதான் அதன் நரம்புகளைக் குலைக்கிறது.

உலகச் சந்தையில் டால்மேஷியாவை ஓரங்கட்டிய ஜப்பானின் பூச்சரக்கு, இரண்டாம் உலகப் போரில் நின்றது. கென்யா அந்த இடத்தைப் பிடித்தது. அதற்கும் முன்பே ஸ்டவ்டிங்கர், ருசிக்கா என்ற இரு வேதியியலாளர்கள் பூவின் மருந்தைப் பிரித்து ஆராய்ந்திருந்தார்கள். பிற்பாடு வேறு ஆராய்ச்சிகளுக்காக இருவருக்குமே நோபல் பரிசு கிடைத்தது. 1949இல் அமெரிக்காவில் அந்த மருந்தை நகலெடுத்து அலெத்ரின் செய்துவிட்டார்கள். சுருளுக்குப் பூவின் தேவை பெரும்பாலும் போயிற்று. நம் ஊருக்கு ஆமைப் படம் போட்ட டார்டாய்ஸ் பெட்டியில் வந்து சேர்ந்தது இந்த நகலின் வாரிசுதான். பச்சை நிறம் வெறும் சாயம்.

வீட்டுக்குள் வந்த சுருளை மறுபடி வெளியே கொண்டுபோனவர்களும் ஜப்பானியர்கள்தான். ஒரு காலத்தில் அங்கே உழவர்கள் பழந்துணியைக் கயிறாகத் திரித்துக் கொளுத்தி இடுப்பில் தொங்கவிட்டு வயலில் இறங்கினார்கள். இன்று காட்டு வேலைக்காரர்களும் தோட்டக்காரர்களும் வட்டத் தகர டப்பாவில் தடித்த சுருளை ஏற்றிப் பெல்ட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். கொசு மட்டுமல்ல, குதிரை ஈயும் கடிக்கும் கருப்பு ஈயும் விலகுகின்றன. ஆள் நகர நகரப் புகையும் கூடவே வருகிறது. பலத்த காற்றில் மட்டும் பலிக்காது.

என்னைக் கேட்டால் சுருளுக்கு ஏற்ற இடம் அந்த இடுப்புதான். சீன, மலேசியச் சுருள்களைச் சோதித்து 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சுருள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று கண்டார்கள். திண்ணையிலோ களத்துமேட்டிலோ தாராளமாகக் கொளுத்துங்கள். குழந்தை தூங்கும் மூடிய அறைக்குக் கொசுவலை போதும்.