ஆயிரம் பவுண் பேசப்பட்ட செருப்புப் பூ

ஓர்க்கிட் வளர்ப்பவர்கள் எமது ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்காவது ஸ்லிப்பர் ஓர்க்கிட் மீது ஓர் ஆசை இருக்கும். பூவின் கீழிதழ் செருப்பின் முன்பகுதி போலக் குழிந்திருப்பதால் வந்த பெயர் அது. இந்த ஆசைக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதை நாம் தெரிந்திருப்பது நல்லது.

1857இல் லண்டனில் நடந்த மலர்க் கண்காட்சி ஒன்றுக்கு, லிவர்பூலைச் சேர்ந்த பெயாரி என்பவர் ஒரு சிறிய பூவைக் கொண்டுவந்தார். வெள்ளை நிறத்தில் ஊதா வலை பின்னியது போன்ற மேலிதழ். இரு பக்க இதழ்களும் எருமைக் கொம்பு போல் வளைந்திருந்தன. தாவரவியலாளர் ஜோன் லிண்ட்லி அதற்குப் பெயாரியின் பெயரையே சூட்டினார். அதுதான் பாபியோபெடிலம் பெயாரியானம்.

பார்த்தவர்கள் மயங்கியதில் வியப்பில்லை. இந்தப் பூ ஒரு பொறி. உள்ளே தேன் கிடையாது. ஏமாந்து விழும் பூச்சி, வழுக்கும் சுவரில் ஏற முடியாமல், மகரந்தத்தை உரசிக்கொண்டு பின்வழியால்தான் வெளியேற முடியும். பூச்சிக்காக வைத்த பொறியில் மனிதனும் விழுந்தான்!

ஆனால் அந்தச் செடி எந்த மலையில் வளர்ந்தது? "அஸ்ஸாம்" என்பதற்கு மேல் தெளிவான விடை எவரிடமும் இருக்கவில்லை. காலப்போக்கில் இங்கிலாந்தின் கண்ணாடி வீடுகளில் இருந்த செடிகள் ஒவ்வொன்றாக மடிந்தன. "தொலைந்துபோன ஓர்க்கிட்" என்றே அதை அழைக்கத் தொடங்கினார்கள். அதை மீண்டும் கண்டுபிடித்துத் தருபவருக்கு 1000 பவுண் தருவதாக ஓர்க்கிட் வியாபாரி பிரெடரிக் சாண்டர் அறிவித்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1905 அளவில், பூட்டான் பக்கத்து மலைகளில் அது அகப்பட்டது. உடனே செடிகள் காட்டிலிருந்து பிடுங்கப்பட்டு, கப்பலேறி, ஏலத்துக்கு வந்தன.

ஏன் பிடுங்க வேண்டும், விதை போட்டு வளர்த்திருக்கலாமே என்று நாம் கேட்கலாம். ஓர்க்கிட் விதை தூசியைப் போன்றது. அதனுள் முளைக்குத் தேவையான உணவு இல்லை. காட்டில் ஒருவகைப் பூஞ்சையின் உதவியுடனேயே அது முளைக்கிறது. 1922இல்தான் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, சீனி கலந்த ஊடகத்தில், பூஞ்சையின் துணையின்றி ஓர்க்கிட் விதைகளை முளைக்க வைக்கலாம் என்று காட்டினார்.

அதன் பிறகும் ஸ்லிப்பர் ஓர்க்கிட்டில் அவசரம் செல்லாது. மற்றப் பல ஓர்க்கிட்களைப் போல இழைய வளர்ப்பில் ஆயிரக்கணக்கில் நகலெடுக்க இது எளிதில் இடம் கொடுப்பதில்லை. விதையிலிருந்து பூவரை பல வருடங்கள் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லாதவர்களின் பணம்தான் இன்றும் காட்டுச் செடியைத் தேடிப் போகிறது.

எமது நாட்டுக் காடுகளில் பாபியோபெடிலம் இயற்கையாக வளர்வதில்லை. ஆகவே இங்குள்ள ஒவ்வொரு செடிக்கும் வெளியிலிருந்து வந்த ஒரு பூர்வீகம் இருக்கிறது. பாபியோபெடிலம் இனங்கள் யாவும் சைற்றிஸ் ஒப்பந்தத்தின் முதலாம் பட்டியலில் உள்ளன. காட்டிலிருந்து எடுத்ததை வர்த்தகத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டுசெல்வது அதன்படி தடை. இலங்கை 1979 முதல் அவ்வொப்பந்தத்தில் ஓர் அங்கத்துவ நாடு.

ஆசைப்படுவதில் தவறில்லை. வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்போம்: "இது விதையில் வளர்த்ததா, காட்டில் பிடுங்கியதா? கடதாசி இருக்கிறதா?" விற்பவர் மழுப்பினால் வாங்காமல் திரும்புவோம். 1857இல் லண்டனில் எவரிடமும் இல்லாத விடையை இன்று கேட்டுப் பெறும் வசதி எமக்கு இருக்கிறது.

ஓர்க்கிட் வளர்க்கும் உங்கள் நண்பர்களுக்கும் இதைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.