மதுசாரமும் கண்டி வீதியும்: எரிபொருளாகாத ஒரு பண்டத்தின் வரலாறு

மோட்டார் வாகனத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பெற்றோலின் வரலாற்றையே எழுதி முடித்துவிடுகின்றனர். ஆயினும் உட்தகன எஞ்சினுக்கும் மதுசாரத்துக்கும் உள்ள உறவு பெற்றோலின் உறவினும் பழைமையானது. 1826ஆம் ஆண்டிலேயே அமெரிக்கரான சாமுவேல் மோரி என்பார் மதுசாரமும் தேப்பந்தைலமும் கலந்து எரியும் எஞ்சின் ஒன்றை அமைத்தார். அதே தசாப்தத்திலேதான் கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் வீதி கடுகண்ணாவை மலையைக் குடைந்து மேலேறியது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்குமிடையே நேரடித் தொடர்பு யாதும் இல்லை. எனினும் ஒரு வினாவை எழுப்ப இவ்வொப்புமை உதவுகின்றது. இரு நூற்றாண்டுகளாகக் கண்டி வீதியிலே பண்டமாக ஏறிச் சென்ற மதுசாரம், அவ்வீதியில் ஓடும் வாகனங்களின் எரிபொருளாக நிலைபெறாமற் போனது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமானது. 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின்னர், மலைநாட்டைத் தம் ஆட்சியில் வைத்திருப்பதற்கு வீதி இன்றியமையாதது என்பதை அவர்கள் உணர்ந்தனர். தேசாதிபதி சேர் எட்வேட் பார்ன்ஸ் காலத்தில் கப்டன் டோசனின் மேற்பார்வையிற் கண்டி வீதி அமைந்தது. 1833இல் பேராதனையிலே மகாவலி கங்கைக்குக் குறுக்கே முதிரை மரப்பாலம் எழுந்தது. படை நகர்வுக்கென அமைந்த வீதி விரைவிலேயே கோப்பியின் வீதியாயிற்று. பொதிமாடுகள் சென்ற தடத்தில் மாட்டுவண்டிகள் வரிசையாகச் சென்றன. கீழிறங்கிய வண்டிகளிற் கோப்பி இருந்தது. மேலேறிய வண்டிகளில் அரிசியும் சாராயமும் இருந்தன.

இச்சாராயம் வெறும் குடிபானமன்று; அது அரசிறையின் ஊற்று. சாராயம் விற்கும் உரிமையை அரசு ஏலத்தில் விட்டுக் குத்தகைப் பணம் பெற்றது. கரையோரச் சிங்கள வணிகர் பலர் குத்தகையாலும் வண்டிப் போக்குவரத்தாலும் ஒருங்கே செல்வம் திரட்டினர். சாராயக் குத்தகையிற் பெரும்பொருள் ஈட்டிய மொறட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் டி சொய்சா, 1830களில் ஹங்குரன்கெத்தவில் அரச தோட்டத்தை வாங்கிக் கோப்பி பயிரிட்டமை இதற்குத் தக்க உதாரணம். மறுபுறத்தில், தமிழகத்திலிருந்து மன்னார் வழியாக மாத்தளை நோக்கிக் கால்நடையாக வந்த தொழிலாளரின் கூலியில் ஒரு பகுதி தோட்டப்புறச் சாராயக் கடையிலே கரைந்தது. தொழிலாளியின் உழைப்பு ஈட்டிய பணம், குத்தகைக்காரன் வழியாக அரசின் கருவூலத்தையே சென்றடைந்தது. மதுசாரத்தை வரிப்பொருளாக மாத்திரமே நோக்கும் ஆட்சிமனம் இவ்வாறுதான் வேரூன்றியது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் அம்மனத்துக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. அச்சட்டத்தை எதிர்த்து அவ்வாண்டிற் கிளர்ந்த மதுவிலக்கியக்கமும், எதிர்த்திசையில் நின்றாலும், மதுசாரத்தைக் குடிபொருளாகவே நோக்கியது. அதனை எஞ்சினுக்குரிய பொருளாக நோக்குதற்கு இரு சாராரிடமும் இடமிருக்கவில்லை.

இது இலங்கைக்கு மட்டும் உரிய நிலையன்று. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர்க்காலத்தில் விதிக்கப்பட்ட மதுவரி, விளக்கெரிக்கப் பயன்பட்ட மதுசாரத்தையும் விலைபோகாததாக்கி மண்ணெண்ணெய்க்கு வழிவிட்டது. 1906இலேயே அருந்தத் தகாததாக்கப்பட்ட மதுசாரத்துக்கு அங்கு வரிவிலக்குக் கிடைத்தது. 1908இல் வெளிவந்த ‘மொடல் ரீ’ வாகனத்தை உருவாக்கிய ஹென்றி ஃபோர்ட் மதுசார எரிபொருளின் ஆதரவாளராய் விளங்கினார். 1921இல் எஞ்சினின் தட்டொலியைத் தடுக்கும் ஈயச் சேர்மம் கண்டறியப்பட்டது. மதுசாரமும் அதே பணியை ஆற்றும் என்பது அறியப்பட்டிருந்தும், காப்புரிமைக்கு உட்படக்கூடிய ஈயமே சந்தையை வென்றது. அதன் நஞ்சை உலகம் பல தசாப்தங்கள் சுவாசித்தது.

கரும்பு விளையும் நாடுகள் வேறு வழியையும் கண்டன. பிரேசில் 1931இலேயே இறக்குமதிப் பெற்றோலில் 5 வீத மதுசாரத்தைக் கலக்குமாறு கட்டளையிட்டது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியின் பின்னர், 1975இல் தேசிய மதுசாரத் திட்டத்தை அந்நாடு தொடங்கியது. 1979இல் முற்றாக மதுசாரத்தில் ஓடும் கார் அங்கே சந்தைக்கு வந்தது. ஆயின் 1989 அளவில் மதுசாரத்துக்குத் தட்டுப்பாடு ஏற்படவே, அவ்வகைக் கார் வாங்கியோர் ஏமாற்றமுற்றனர். எரிபொருள் ஒன்றை மட்டும் நம்பியிருத்தல் ஆபத்து என்னும் இப்பாடத்தின் பயனே, பெற்றோலும் மதுசாரமும் எவ்விகிதத்திற் கலந்தாலும் இயங்கும் வாகனம் 2003இல் அங்குப் பரவத் தொடங்கியமையாகும். இந்தியாவில் 1948இல் எரிமதுசாரச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் கலப்புத் திட்டம் 2003இலேயே உறுதிபெற்று, 2025இல் 20 வீதத்தை எட்டியது. தமிழ்நாட்டின் ஓசூரைச் சேர்ந்த ரி.வி.எஸ். நிறுவனம் 2019இல் மதுசாரத்தில் இயங்கும் மோட்டார் சைக்கிள் ஒன்றை வெளியிட்டமையும் இங்குக் குறிப்பிடத்தக்கது.

இனி, மலைவீதியில் ஏறும் வாகனத்துக்கு மதுசாரம் எத்தகையது என்பதை நோக்குவோம். கண்டி நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு வளியமுக்கம் ஏறத்தாழ 6 வீதம் குறைகின்றது. நுவரெலியாவில் ஏறத்தாழ 20 வீதம் குறைகின்றது. வளி குறைய எஞ்சினின் வலுவும் குறையும். மதுசாரம் ஆவியாகும்போது பெற்றோலைவிட மிகுதியான வெப்பத்தை உறிஞ்சி, உட்புகும் வளியைக் குளிர்விக்கின்றது. அதன் ஒக்ரேன் எண்ணும் உயர்ந்தது. ஆகவே அமுக்க விகிதத்தை உயர்த்தவும் பொறியூட்டும் நேரத்தை முன்தள்ளவும் இடமுண்டு. ஓட்டப்பந்தய வாகனங்களைச் சீரமைப்போர் மதுசாரத்தை நாடுவது இதனாலேயே.

ஆயினும் வலுவை மட்டும் கண்டு மயங்கலாகாது. ஒரு லீற்றர் மதுசாரத்தின் சக்தி பெற்றோலினதில் மூன்றில் இரண்டு பங்கேயாகும். பெற்றோல் எரிய அதன் நிறையைப் போல 14.7 மடங்கு வளி வேண்டும். மதுசாரத்துக்கு 9 மடங்கு போதும். ஆகவே அதே வளிக்கு மிகுதியான எரிபொருளைப் பீச்ச வேண்டும். பழைய பம்பியும் பீச்சுங்குழல்களும் இதற்கு ஈடுகொடா. மதுசாரம் ஈரத்தையும் ஈர்க்கும். அதற்கென அமையாத றப்பர்க் குழாய்களையும் சில உலோகங்களையும் கெடுக்கும். மழைமிகுந்த மலைநாட்டில் இது சிறிய இடரன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, இன்று கடுகண்ணாவை ஏறும் பார லொறிகள் டீசலில் ஓடுவன. பொறியின்றி அமுக்கத்தால் எரியும் அவ்வெஞ்சினில் மதுசாரம் எளிதிற் பற்றாது. சுவீடனில் மதுசாரத்தால் ஓடிய பஸ்களுக்கு மிகவுயர்ந்த அமுக்க விகிதமும் எரிபற்றலைத் தூண்டும் சேர்மானமும் வேண்டியிருந்தன. எனவே கலப்பெரிபொருள் பற்றிய பேச்சு சிறிய பெற்றோல் வாகனங்களுக்கே முதலிற் பொருந்தும்.

மதுசாரம் எங்கிருந்து வரும் என்பது அடுத்த வினா. கந்தளாயிலும் ஹிங்குராணையிலும் 1960 அளவில் சீனி ஆலைகள் எழுந்தன. பின்னர் செவனகலையும் பெல்வத்தையும் சேர்ந்தன. கந்தளாய் ஆலை 1990களில் மூடப்பட்டது. ஒரு தொன் கழிவுப்பாகிலிருந்து ஏறக்குறைய 220 முதல் 250 லீற்றர் வரை மதுசாரம் பெறலாம். சக்தியளவில் அது 145 முதல் 165 லீற்றர் வரையான பெற்றோலுக்கு நிகராகும். சீனித் தேவையின் பெரும்பகுதியை இறக்குமதியால் நிறைவுசெய்யும் நாட்டிற் கழிவுப்பாகும் மட்டானதே. 2020 ஜனவரியில் எதனோல் இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது உள்நாட்டு உற்பத்தி மதுபான ஆலைகளை நோக்கியே சென்றது. பெருந்தொற்றுக் காலத்திற் கைச்சுத்திகரிப்புத் திரவமாகவும் பயன்பட்டது. வாகனத் தாங்கிக்கு அதில் பங்கில்லை.

இதன் விலையை 2022ஆம் ஆண்டு உணர்த்தியது. அவ்வாண்டு ஜனவரியில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் ஜூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று. ஜூன் இறுதி முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என அரசு அறிவித்தது. நகர்ப்புறப் பாடசாலைகள் மூடப்பட்டன. நிரப்பு நிலையங்களின் முன் வாகனங்கள் நாட்கணக்கில் நின்றன. 1969இற் சப்புகஸ்கந்தையில் அமைந்த சுத்திகரிப்பு நிலையம், மசகெண்ணெய் வாங்க அந்நியச் செலாவணி இல்லாதபோது செயலற்றுப் போனது. மரக்கறி ஏற்றும் லொறி நின்றால் மலைநாட்டு விவசாயியின் வயலும் நிற்கும் என்பதை அம்மாதங்கள் எவருக்கும் புரியவைத்தன.

மதுசாரம் இருந்திருப்பின் அந்நெருக்கடி வந்திராது எனக் கூறுதல் மிகைக்கூற்றாகும். உற்பத்தி அளவு அத்தகைய நம்பிக்கைக்கு இடந்தராது. கரும்புக்கு நீரும் நிலமும் வேண்டும், அவற்றை உணவுப்பயிரிடமிருந்து பறித்தலும் தகாது. ஆனால் 5 அல்லது 10 வீதக் கலப்பும், நெருக்கடிக்கால இருப்பும் பற்றி முன்னரே சிந்திப்பதற்குத் தடையாக நின்றது இயற்கையன்று. மதுசாரத்தைக் குடிப்பவனிடமிருந்து அறவிடும் வரியாகவே கண்ட பழக்கமும் அத்தடைகளுள் ஒன்று. குடியேற்ற ஆட்சி விட்டுச்சென்ற வீதியையும் இருப்புப்பாதையையும் நாம் எளிதில் அடையாளம் காண்கிறோம். அது விட்டுச்சென்ற சிந்தனைத் தடங்களை அவ்வாறு காண்பதில்லை. எரிபொருள் பற்றிய ஆராய்ச்சி பொறியியற் பீடத்தின் எல்லைக்குள் அடங்குவதன்று. வரி, நிலம், உழைப்பு ஆகியவற்றின் வரலாற்றை அறிந்தோரும் அதிற் பங்குகொள்ளல் வேண்டும். மகாவலிக் கரையில் இரு துறையினரும் அருகருகே இருந்து பயிலும் பேராதனைக்கு இது ஏற்றதொரு பணியாகும்.