சங்குத் தலையும் கத்தரிக்கோலும்

மும்பையிலும் தில்லியிலும் குடியேறிய நம்மவர் சிலர் வீட்டில் பாட்டனார் காலத்துத் தகரப்பெட்டி இன்னும் உண்டு. அதில் கிடக்கும் பழங்கடிதம் ஒன்றில் சங்கு பொறித்த தபால் தலையைக் கண்டால், அதனைக் கத்தரித்து எடுக்க விரையாதிருக்குமாறு வேண்டுகிறோம்.

இன்றைய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறம் முன்னாளில் மூன்று ஆட்சிகளுக்குள் பிரிந்து கிடந்தது. பாலக்காட்டு நகரம் சென்னை மாகாணத்து மலபாரைச் சேர்ந்தது. அங்கே நடந்தது பிரிட்டிஷ் இந்தியத் தபால். சில கல் தொலைவிலுள்ள சித்தூரோ கொச்சி மன்னருக்கு உரியது. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரில் அடங்கின. திருவிதாங்கூர் 1888-ஆம் ஆண்டிலும், கொச்சி 1892-ஆம் ஆண்டிலும் சொந்தத் தலைகளை வெளியிட்டன. அத்தபாலுக்கு 'அஞ்சல்' என்று பெயர். இன்று நாம் தமிழில் வழங்கும் சொல்லும் அதுவேயன்றோ! 1949-இல் இரு நாடுகளும் இணைந்தன. 1951-இல் அஞ்சல் இந்தியத் தபாலுடன் கலந்தது. வழக்கொழிந்த தலைகளைச் சேகரிப்போர் தேடலாயினர். விலை ஏறவே வஞ்சகமும் புகுந்தது.

விளிம்பில் பல் வெட்டப்படாமல் தவறி வெளிவந்த தலைகள் அரியவை. ஆகவே சாதாரணத் தலையின் பற்களை நறுக்கிவிட்டு, அரியதெனக் கூறி விற்பார் உளர். இதனைக் கண்டறிய அளவுகோலே போதும். நறுக்கினால் அகலம் குறையும். பல்லுள்ள அதே தலையின் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில், பல்லில்லாதது அதனினும் குறுகியிருந்தால் ஐயுறுக. சில தலைகள் இயல்பாகவே அகன்ற ஓரம் உடையவை. அவற்றை நறுக்கினால் அளவும் ஏமாற்றிவிடும். ஆதலின் தேர்ந்தோர் ஒற்றைத் தலையை நம்பார். நடுவே துளையின்றி ஒட்டியிருக்கும் இணையையே கேட்பர். சிதைந்த விளிம்பில் புதிதாகப் பல் வெட்டுவதும் உண்டு. இரண்டு சென்டிமீட்டருக்குள் எத்தனை துளைகள் என்று எதிரெதிர்ப் பக்கங்களில் எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் குட்டு வெளிப்படும். தாளும் சான்று கூறும். 1888-ஆம் ஆண்டின் முதல் வெளியீடு கோடோடிய தாளில் அச்சாயிற்று. சங்கு நீர்க்குறி அதன் பின்னரே வந்தது. கொச்சியின் நீர்க்குறி குடை.

எனினும் இவை அனைத்தினும் வலிய சாட்சி உறையே. அஞ்சல் தலை பிரிட்டிஷ் இந்தியத் தபாலுக்குச் செல்லாது. தேவிகுளத்துத் தோட்டத் தொழிலாளி மலைக்குக் கீழே போடிநாயக்கனூரிலிருந்த தாய்க்கு எழுத விரும்பினால், இந்தியத் தலையே ஒட்ட வேண்டும். போடி முகவரிக்குச் சங்குத் தலை மட்டும் ஒட்டிய உறையை யாரேனும் நீட்டினால், தலை பின்னர் ஒட்டப்பட்டதோ என்று வினவுதல் தகும். தலையின் மீதும் உறையின் மீதும் ஒரே முத்திரை இடையறாது படிந்திருக்கிறதா என்று நோக்குக.

தோட்டத்து ஏழைகளின் வரலாற்றை எழுதி வைத்தோர் சிலரே. எந்த மலையிலிருந்து, எந்த நாளில் எழுதினர் என்பதை அம்முத்திரையே காட்டும். நாம் கண்ட ஓர் உறையில் தலையை ஒருவர் முன்னமே வெட்டி எடுத்துவிட்டார். அதுவோ மிகச் சாதாரணத் தலை, விலை போகவில்லை. முத்திரையின் பாதி அதனோடு போயிற்று. ஊர்ப்பெயரின் கடைசி எழுத்துகள் இரண்டே உறையில் எஞ்சின. பாட்டனார் எந்த ஊரிலிருந்து எழுதினார் என்பதை அவ்வீட்டார் இன்று அறியார்.